இரண்டாம் பாகம் திரும்பி வராதவருக்கு

வணக்கம். பொன்னியின் செல்வன் இரண்டாம் பாகத்தை தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரத் தோழி எட்டு மாதமாக வைத்திருக்கிறார், கேட்டால் மனம் கோணுமோ என்று எழுதியிருந்தீர்கள். தாராளமாகக் கேளுங்கள். ஆனால் "எப்போது தருவாய்?" என்று ஆரம்பிக்க வேண்டாம். "வந்தியத்தேவன் இலங்கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டானா?" என்று கேளுங்கள். புத்தகத்தைத் திறக்கவே இல்லையென்றால் அவரே அசடு வழிவார்.

அப்புறம், கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமை ஆனவை. தமிழ் நூல்களை மின்வடிவில் தரும் மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் ஐந்து பாகங்களும் இலவசமாக இருக்கின்றன. அந்த இணைப்பை அனுப்பி, "மீதியை இதில் படி, அச்சுப் புத்தகம் எனக்கு வேண்டும்" என்று சொல்லிவிடலாம். டர்பனில் உட்கார்ந்துகொண்டு ஒரே ஒரு பாகத்தை மட்டும் இந்தியாவிலிருந்து வரவழைத்தால் தபால் செலவு புத்தக விலையையே தின்றுவிடும். எனக்கு நடந்திருக்கிறது!

அமேசானின் மின்னூல் கருவியான கிண்டிலில் வாங்கிய புத்தகத்தை இரவல் தருவது வேறு கதை. காசு கொடுத்தாலும் நமக்குக் கிடைப்பது படிக்கும் உரிமம் மட்டும்தான். கணினியில் இறக்கி யுஎஸ்பி கம்பி வழியே மாற்றும் வசதியையும் அமேசான் 2025 பிப்ரவரியில் எடுத்துவிட்டது. அதற்காக அமேசான் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடாதீர்கள், உங்கள் வங்கி அட்டையும் அதே கணக்கில்தான் இருக்கும். நெருங்கிய தோழி என்றால் அட்டை விவரத்தை நீக்கிவிட்டு, கருவியையே இரண்டு வாரம் கொடுங்கள். திரும்பத் தரும்போது சார்ஜர் கம்பியையும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதுதான் முதலில் காணாமல் போகும்.