வெக்டர் ஊசி போட்ட குஞ்சுக்கு டைட்டர் ஏன் ஏறவில்லை?

கேள்வி: நாமக்கல் மாவட்டம் புதுச்சத்திரம் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். ஆறு வாரத்துக்கு முன் 12,000 குஞ்சு இறக்கினேன். மேரெக்ஸ் என்ற கட்டி நோய்க்கும் ராணிக்கெட் என்ற வெள்ளைக்கழிச்சல் நோய்க்கும் சேர்த்துக் காக்கும் ஜீன் மாற்றிய ‘வெக்டர்’ ஊசி, குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியிலேயே போட்டது என்று சொல்லி, குஞ்சுக்குக் கூடுதல் விலை வாங்கினார்கள். 7ஆம் நாள் லசோட்டா என்ற உயிருள்ள ராணிக்கெட் தடுப்பு மருந்தைக் கண்ணில் விட்டேன். அதற்குப் பிறகு ராணிக்கெட்டுக்கு ஒன்றும் வேண்டாம் என்றார்கள். 40ஆம் நாள் 15 கோழியில் ரத்தம் எடுத்துக் கொடுத்தேன். எச்.ஐ. பரிசோதனையில் டைட்டர் (ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளின் அளவு) பெரும்பாலும் 1:4, சிலதுக்கு 1:8, மூன்று கோழிக்கு ஒன்றுமே இல்லை. மருந்து ஏஜென்ட் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “ஊசியே போட்டிருக்க மாட்டார்கள். உடனே கில்டு (செத்த வைரஸ் ஊசி) போடுங்கள், 10 நாளுக்கு ஒரு முறை தண்ணீரில் லசோட்டா கொடுங்கள்” என்கிறார். பக்கத்தில் இரண்டு பண்ணையில் வெள்ளைக்கழிச்சல் வந்திருக்கிறது. நான் ஏமாந்துவிட்டேனா? ஜீன் மாற்றின மருந்து முட்டையில் வருமா என்று முட்டை எடுப்பவர் வேறு கேட்கிறார்.

பதில்: இந்த ரிப்போர்ட்டை வைத்து நீங்கள் ஏமாந்தீர்களா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்வதாக ஏஜென்ட் நினைத்தால், அவருக்கு எச்.ஐ. எதை அளக்கிறது என்று தெரியவில்லை.

ராணிக்கெட் வைரஸின் மேலுறையில் இரண்டு முக்கியப் புரதங்கள் உண்டு. எச்.என். என்பது ரத்தச் சிவப்பணுக்களை ஒட்டவைக்கும். எஃப். என்பது வைரஸ் செல்லுக்குள் நுழையக் கதவு திறக்கும். எச்.ஐ. பரிசோதனை, சிவப்பணு ஒட்டுவதைத் தடுக்கும் எதிர்ப்பொருளைத்தான், அதாவது எச்.என். மேல் உண்டானதைத்தான் எண்ணுகிறது. சந்தையிலுள்ள ராணிக்கெட் வெக்டர் ஊசிகளில், அதாவது வேறொரு வைரஸின் மேல் ராணிக்கெட் ஜீனை ஏற்றிய ஊசிகளில், வழக்கமாக வைத்திருப்பது எஃப். புரதத்தின் ஜீன் மட்டும். அதனால் நீங்கள் பார்த்த 1:4, 1:8 எல்லாம் 7ஆம் நாள் கண்ணில் விட்ட லசோட்டாவின் மிச்சம். ஹேச்சரியில் குஞ்சின் கழுத்தில் வெறும் தண்ணீரைப் போட்டிருந்தாலும் இந்த எண்தான் வந்திருக்கும். மருந்தைப் பழுதில்லாமல் போட்டிருந்தாலும் இதே எண்தான். எலைசா (எதிர்ப்பொருளை அளக்கும் இன்னொரு ரத்தப் பரிசோதனை) எடுக்கச் சொன்னால், கிட் எந்தப் புரதத்தைப் பிடிக்கும் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். வைரஸின் உட்கருப் புரதத்தைப் பிடிக்கும் கிட்டும் இங்கே குருடுதான்.

பக்கத்துப் பண்ணையில் நோய் இருப்பதால் முதலில் செய்ய வேண்டியது: நாளைக் காலையே லசோட்டா, கண்ணில். 1,000 டோஸுக்கு 30 மில்லி கரைப்பான், கோழிக்கு ஒரு சொட்டு. 12,000 கோழியைப் பிடித்துக் கண்ணில் விடுவது ஆள்கூலி பிடிக்கும் வேலைதான், ஆனாலும் செய்யுங்கள். வெக்டர் ஊசி ரத்தத்தில் காவல் வைக்கும், மூச்சுக்குழலில் அவ்வளவாக வைக்காது. வெளி வைரஸ் உள்ளே வரும் வழி மூக்கும் தொண்டையும். அந்த வாசலில் ஆள் நிறுத்துவது உயிருள்ள லசோட்டா. “இனி ஒன்றும் வேண்டாம்” என்று ஹேச்சரியில் சொன்னது தவறு. நாமக்கல் போல பண்ணைக்குப் பண்ணை கூப்பிடு தூரத்தில் இருக்கும் இடத்தில் அது பெரிய தவறு. 9, 10 வாரத்தில் ஆர்2பி என்ற வீரியம் கூடிய ராணிக்கெட் ஊசியை வழக்கம்போலப் போடுங்கள். சளியோ வயிற்றுப்போக்கோ இருக்கும் கூட்டத்துக்கு மட்டும் அது நலமாகும்வரை தள்ளிவையுங்கள். கில்டு இப்போது வேண்டாம். முட்டைக்கு வருவதற்கு முன், 15, 16 வாரத்தில் 0.5 மில்லி போடுவதுதான் அதன் இடம். இப்போது போட்டால் டைட்டர் ஏறும், ரிப்போர்ட் அழகாக இருக்கும், ஏஜென்ட்டுக்கும் பில் வரும். தொண்டை காலியாகவேதான் இருக்கும்.

தண்ணீரில் 10 நாளுக்கொரு லசோட்டா என்ற யோசனையை விட்டுவிடுங்கள். உப்பு போர்த் தண்ணீரில், குளோரின் நிறுத்தாமல், பால் பவுடர் போடாமல், நாள் முழுக்க லைனில் ஓடவிட்ட லசோட்டாவில் பாதி குழாயிலேயே செத்துப்போகிறது. தண்ணீரில்தான் கொடுத்தாக வேண்டும் என்றால் முந்தின நாளே குளோரினை நிறுத்தி, லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கலந்து, கோழியை ஒன்றரை மணி நேரம் தாகத்தில் வைத்து, இரண்டு மணிக்குள் குடித்து முடிக்கிற அளவு மட்டும் ஊற்றுங்கள்.

முட்டை எடுப்பவருக்குச் சொல்ல வேண்டியது சுருக்கம்தான். வெக்டராக இருப்பது வான்கோழியின் ஹெர்பிஸ் வைரஸ், எச்.வி.டி. அதையே மாற்றமில்லாமல் மேரெக்ஸ் ஊசியாக 50 வருடத்துக்கு மேல் உலகம் முழுக்கக் குஞ்சுகளுக்குப் போட்டுவருகிறார்கள். அது கோழியின் உடலில் தங்கும், முட்டை வழியாக இறங்காது, மனிதருக்குத் தொற்றாது. இதுபோன்ற மருந்துகள், மரபணு மாற்றிய உயிரிகளுக்கான 1989ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் குழு பார்த்து அனுமதித்த பிறகுதான் இங்கே விற்பனைக்கு வருகின்றன.

இனி நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: ஊசி குஞ்சின் உடம்பில் இறங்கியபோது மருந்து உயிரோடு இருந்ததா?

இந்த மருந்து எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால்தான் இந்தக் கேள்வியின் கனம் புரியும். ராணிக்கெட் வைரஸின் எஃப். ஜீனை டி.என்.ஏ. நகலாக்கி, எச்.வி.டி.யின் மரபணுவில் அது இல்லாமலும் வைரஸ் பெருகக்கூடிய ஓர் இடத்தைப் பார்த்துச் செருகுகிறார்கள். அந்த ஜீனை ஓட்ட முன்னால் ஒரு சுவிட்ச். குஞ்சின் உடலில் எச்.வி.டி. பெருகும்போது எஃப். புரதமும் தயாராகும். இந்த எஃப். புரதம் எச்.வி.டி.யின் வெளித்தோலில் இல்லை, குஞ்சின் செல்லுக்குள்தான் உருவாகிறது. அதனால் தாயிடமிருந்து வந்த ராணிக்கெட் எதிர்ப்பொருள் இந்த மருந்தைக் கொல்வதில்லை. முதல் நாள் குஞ்சுக்குக் கண்ணில் விடும் லசோட்டாவுக்கு இந்தச் சலுகை கிடையாது. எச்.வி.டி. வாழ்நாள் முழுக்க உடலில் தங்குவதால் காவலும் நீளும். கெட்ட பக்கமும் உண்டு. அது மெல்லத்தான் பெருகும், முழுக் காவல் வர 3, 4 வாரம் ஆகும். அந்த இடைவெளிக்குத்தான் முதல் வார லசோட்டா. அதை நீங்கள் செய்தது சரி.

பிரச்சினை புட்டியில் இருக்கிறது. எச்.வி.டி. தானிருக்கும் செல்லை விட்டு வெளியே வராத வைரஸ். ஆகவே ஆம்பூலில், அதாவது மருந்துக் கண்ணாடிக் குப்பியில், இருப்பது தூளாக்கிய வைரஸ் அல்ல, கோழிக் கருவிலிருந்து எடுத்து வளர்த்த உயிருள்ள செல்கள். உள்ளே வைரஸ். செல் செத்தால் மருந்து பெரும்பாலும் செத்தது. உறையும்போது ஐஸ் ஊசி குத்திச் செல் கிழியாதிருக்க டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவம் கலந்திருப்பார்கள். -196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருக்கும்வரை அது காவலன். உருகிய நிமிடத்திலிருந்து அதுவே செல்லுக்கு விஷம். வேகமாக உருக்கி, வேகமாகக் கரைப்பானில் விட்டு நீர்க்கவைக்க வேண்டும் என்பது இதனால்தான். காரணம் தெரியாத ஆள் ஆம்பூலை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவான்.

சரியாகச் செய்தால் இப்படி இருக்கும். நைட்ரஜன் கேனில் அளவுகோல் வைத்துத் தினமும் மட்டம் பார்த்து நோட்டில் எழுதியிருக்க வேண்டும். ஆம்பூல் கம்பியைக் கேனின் கழுத்துக்கு மேலே தூக்கிவைத்துத் தேடக் கூடாது, சில நொடியில் வேண்டியதை எடுத்து மற்றதை இறக்கிவிட வேண்டும். எடுத்த ஆம்பூலில் ஐஸ் அடியில் இல்லாமல் கழுத்தில் இருந்தால் எங்கோ வழியில் உருகி மறுபடி உறைந்தது, தூக்கி எறிய வேண்டியது. தண்ணீர்த் தொட்டியின் சூடு கம்பெனி சொன்ன அளவு. பல மருந்துக்கு 27 டிகிரி, சிலதுக்கு 37. கையை விட்டுப் பார்த்தல்ல, தெர்மாமீட்டர் வைத்து. ஒன்றரை நிமிடத்துக்குள் உருகி முடியும். கடைசி ஐஸ் துளி இருக்கும்போதே எடுத்து, நன்றாகத் துடைத்து, உடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் தொட்டித் தண்ணீரின் கிருமி உள்ளே போகும், நாலாம் நாள் தொப்புள் அழுகலோடு குஞ்சு சாகும்போது அதை யாரும் தடுப்பூசியோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. உருகும்போது ஆம்பூல் வெடிப்பதும் உண்டு. முகக்கவசம், கையுறை இல்லாமல் யாரும் அங்கே நிற்கக் கூடாது.

உறிஞ்சும் ஊசி 18 கேஜ், அதைவிட மெல்லியது கூடாது. மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தால் செல் நசுங்கும். கரைப்பான் அறைச்சூட்டில், 25 டிகிரிக்கு மேல் போகாமல். அதன் நிறம் மாறியிருந்தாலோ கலங்கியிருந்தாலோ வேண்டாம். மருந்தை மெல்ல விட்டு, ஆம்பூலைக் கரைப்பானால் ஒரு முறை கழுவி அதையும் சேர்த்து, பையைத் தலைகீழாக மெதுவாகப் புரட்ட வேண்டும். மோர் சிலுப்புவதுபோல் சிலுப்பினால் போயிற்று. கலந்த பை ஒரு மணிக்குள் முடிய வேண்டும், நடுநடுவே ஆட்டிக்கொடுக்க வேண்டும், ஏனெனில் செல்கள் அடியில் படியும். ஒரு மெஷினில் ஓர் ஆள் மணிக்கு 2,000 குஞ்சுக்கு மேல் போடுவது சிரமம். எனவே ஒரு மெஷின் ஓடும் இடத்தில் 2,000 டோஸ் ஆம்பூல் இரண்டை ஒன்றாக உருக்குவது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை.

பையில் ஆன்டிபயாடிக் கலப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தொப்புள் நோய் வராதிருக்க ஜென்டாமைசினை மருந்துப் பையிலேயே ஊற்றிவிடும் பழக்கம் பரவிக் கிடக்கிறது. கையளவாக ஊற்றிய ஆன்டிபயாடிக் கரைப்பானின் அமிலத்தன்மையை மாற்றிச் செல்லைக் கொல்லும். ஹேச்சரியின் அழுக்கைக் கழுவாமல் அதை மருந்துப் பையில் மூடிமறைப்பதுதான் இது. கூடுதல் காசு கொடுத்து வாங்கிய தொழில்நுட்பம் சில ரூபாய் ஜென்டாமைசினில் கரைந்துபோகும். கேட்டால் “எல்லாரும் போடுகிறார்கள்” என்பார்கள்.

அடுத்தது கணக்கு. குஞ்சுக்கு 0.2 மில்லி என்றால் 2,000 டோஸ் ஆம்பூலுக்கு 400 மில்லி கரைப்பான். 12,000 குஞ்சுக்கு ஆறு ஆம்பூல். அதோடு நூற்றுக்கு இத்தனை என்று இலவசக் குஞ்சு வேறு தருகிறார்கள் அல்லவா, அவற்றுக்கான டோஸ் எங்கிருந்து வந்தது? ஏழாவது ஆம்பூல் உடைத்திருந்தால் சரி. உடைக்காவிட்டால் உங்கள் 12,000 டோஸ்தான் நீண்டிருக்கிறது. பேட்ச் எண்ணோடு காலி ஆம்பூல் கணக்கை எழுத்தில் கேளுங்கள். தரத் தயங்கும் இடத்தில் வெக்டர் குஞ்சுக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள், சாதாரண மேரெக்ஸ் குஞ்சை வாங்கி ராணிக்கெட்டை நீங்களே பார்த்துக்கொள்வது மேல்.

“ராணிக்கெட் வெக்டர், கம்போரோ வெக்டர் இரண்டும் கலந்து போட்டோம்” என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். கம்போரோ வேறொரு கோழி நோய், ஆனால் இரண்டு ஊசிக்கும் வண்டி ஒரே எச்.வி.டி. ஒரே உடம்பில் இரண்டும் இடத்துக்குச் சண்டை போட்டு ஒன்று மற்றதை அமுக்கிவிடும். வெறும் எச்.வி.டி. மேரெக்ஸ் ஊசியை வெக்டரோடு கலப்பதும் அதே தப்பு. ஒரே வைரஸில் இரண்டு ஜீனையும் செருகித் தயாரித்த மருந்து வேறு, அது சரி. மேரெக்ஸுக்காக ரிஸ்பென்ஸ் என்ற இன்னொரு ஊசி மருந்தைச் சேர்ப்பதும் கம்பெனி அனுமதித்தால் சரி, அது வேறு வகை வைரஸ்.

இந்தக் கூட்டத்துக்கே உண்மை தெரிய வேண்டுமென்றால் வழி உண்டு. 20 கோழியின் வளரும் இறகுகளைப் பிடுங்கி, அடிக்குருத்தை ஐஸில் வைத்து, வைரஸின் ஜீனைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனைக்குக் கொடுங்கள். 3, 4 வாரத்தில் எடுப்பது நல்லது, இப்போதும் பார்க்கலாம். ஆய்வகத்தில் முன்கூட்டியே ஒன்று கேளுங்கள்: எச்.வி.டி. மட்டும் பார்ப்பார்களா, செருகிய எஃப். ஜீனையும் பார்ப்பார்களா? முதலாவது மட்டும் போதாது. மலிவான சாதாரண மேரெக்ஸ் ஊசியைப் போட்டு வெக்டர் விலை வாங்கியிருந்தாலும் எச்.வி.டி. இருக்கிறது என்றுதான் ரிப்போர்ட் வரும். 20இல் 16, 17 கோழியில் எஃப். ஜீனோடு கிடைத்தால் ஹேச்சரி வேலையைச் செய்திருக்கிறது. நாலைந்தில்தான் கிடைத்தால் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள்.

எச்.ஐ.யும் வீணில்லை, கேள்வியை மாற்றிக் கேட்டால் போதும். நாளை விடும் லசோட்டாவுக்கு மூன்று வாரம் கழித்து அதே ஆய்வகத்தில் 20 கோழி ரத்தம் கொடுங்கள். 1:32, 1:64 என்று ஒரே மாதிரி வந்தால் சொட்டு ஒழுங்காக விழுந்திருக்கிறது. பாதி 1:4, பாதி 1:64 என்று சிதறினால் ஆள் கோழியைத் தவறவிட்டிருக்கிறான். எல்லாம் 1:512க்கு மேல் எகிறியிருந்தால் வெளி வைரஸ் உள்ளே வந்துவிட்டது என்று சந்தேகப்பட்டு, செத்த கோழி இரண்டு மூன்றை அன்றே பரிசோதனைக்கு எடுத்துப் போங்கள்.

அடுத்த முறை குஞ்சு இறக்கும் நாளில் ஹேச்சரிக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், ஊசி போட்டுப் பெட்டியில் அடைத்த குஞ்சில் நூற்றைக் கையில் எடுத்துக் கழுத்து முடியை விலக்கிப் பாருங்கள். மருந்தில் சாயம் கலந்திருந்தால் தோலுக்கடியில் நிறம் தெரியும். 95க்குக் குறைந்தாலோ, முடி நனைந்த குஞ்சு நாலைந்துக்கு மேல் இருந்தாலோ, அந்தப் பெட்டியை மறுபடி போடச் சொல்லுங்கள். 1,000 குஞ்சுக்கு ஒரு முறை ஊசிமுனை மாற்றுகிறார்களா என்பதையும் அங்கேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.