இனிஷியலைத் தோண்டாதீர்கள்: இசைக் கலைஞர் பெயர்கள், வாசகர் கேள்விகள்

கே: ‘குன்னக்குடி வைத்தியநாதன்’ என்று எழுதிக் கொடுத்தேன். பிழை திருத்துபவர் ‘குன்றக்குடி’ ஆக்கிவிட்டார். எது சரி?

ப: ஊரைப் பற்றி எழுதினால் குன்றக்குடி. வயலின் வித்வானைப் பற்றி எழுதினால் குன்னக்குடி. அடிகளார் மட்டும் குன்றக்குடி அடிகளார். ஒரே ஊர்தான், ஆனால் அவரவர் பெயரில் அது எப்படி வழங்கியதோ அப்படித்தான் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் ‘பால்காட் மணி ஐயர்’ என்று இருப்பதை ‘பாலக்காடு’ என்ற புது வழக்குக்கு மாற்றுவதும் இதே தவறு. திருத்துபவரிடம் சொல்லுங்கள்.

கே: பீத்தோவன் பெயரில் வரும் ‘வான்’ ஆங்கிலத்தில் பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?

ப: சின்ன எழுத்து. லுட்விக் வான் பீத்தோவனை அகரவரிசையில் ‘பி’யில் சேர்க்க வேண்டும், ‘வி’யில் அல்ல. இந்த வான் ஃபிளெமிஷ் வழி வந்தது. ஜெர்மானியப் பிரபுக்களின் ‘ஃபான்’ வேறு. இதைப் போட்டுக் குழப்பிக்கொண்டவர்கள் அந்தக் காலத்திலேயே உண்டு. 1818இல் தம்பி மகன் கார்ல் தொடர்பான வழக்கில் தான் பிரபு வம்சம் இல்லை என்று பீத்தோவன் ஒத்துக்கொள்ள நேர்ந்தது, வழக்கும் பிரபுக்களின் நீதிமன்றத்திலிருந்து சாதாரண நீதிமன்றத்துக்குப் போனது. ஹெர்பர்ட் ஃபான் காராயனுக்கும் சின்ன எழுத்துதான், ‘கே’யில் வருவார்.

டச்சுக்காரர்களிடம் கொஞ்சம் கவனம் வேண்டும். முதற்பெயரோடு சேர்ந்தால் எடுவார்ட் வான் பைனம் என்பதில் ‘வான்’ சின்ன எழுத்து. முதற்பெயர் இல்லாமல் ‘வான் பைனம்’ என்று தனியே எழுதினால் பெரிய எழுத்து. அழைப்பிதழில் பெயர் முழுவதையும் பெரிய எழுத்தில் அச்சிட்டால் இந்தச் சிக்கலே இல்லை.

கே: அப்படியானால் பியானோ கலைஞர் வான் கிளைபர்னுக்கும் சின்ன எழுத்தா?

ப: இல்லை. அங்கே வான் முன்னொட்டே கிடையாது. ஹார்வி லவான் கிளைபர்ன் என்ற பெயரின் சுருக்கம் அது. முதற்பெயர், ஆகவே பெரிய எழுத்து.

கே: பாடகர்களின் இனிஷியலை விரித்து ஒரு பட்டியல் தயாரித்திருக்கிறேன். முதல் எழுத்து ஊர், இரண்டாவது தந்தை பெயர் என்று வைத்துக்கொண்டேன். சரிபார்த்துத் தர முடியுமா?

ப: பட்டியலைப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஊகம். நூறு முறை சொல்லியாயிற்று, நூற்றி ஒன்றாவது முறையும் சொல்கிறேன்: இனிஷியலை ஊகித்து விரிக்காதீர்கள்.

எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘எம்’ மதுரை. ‘எஸ்’ தந்தை அல்ல, தாய் சண்முகவடிவு. எம்.எல். வசந்தகுமாரியின் ‘எல்’ தாய் லலிதாங்கி. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் ‘என்’ அவரை வளர்த்த தாய்மாமன் நடேச பிள்ளை. டி.எம். சௌந்தரராஜனின் ‘டி’யை நீங்கள் ‘திருச்சி’ என்று போட்டிருக்கிறீர்கள். அது தொகுளுவா, சௌராஷ்டிரக் குடும்பப் பெயர். எம்.எஸ். விஸ்வநாதனின் ‘எம்’ மனையங்கத்து, மலையாள வீட்டுப் பெயர். பி. சுசீலாவின் ‘பி’ புலபாக்க, தெலுங்கு வீட்டுப் பெயர். எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்குத் தந்தை பெயர் சாம்பமூர்த்தி. அவருடைய இரண்டு எழுத்துமே ஸ்ரீபதி பண்டிதாராத்யுல என்ற வீட்டுப் பெயர். பி.பி. ஸ்ரீனிவாஸ் இன்னும் வேடிக்கை: பிரதிவாதி பயங்கரம் என்ற ஒரே குடும்பப் பட்டப்பெயர் இரண்டு எழுத்தாக உடைந்து நிற்கிறது. உங்கள் விதிப்படி பார்த்தால் ‘பயங்கரம்’ அவருடைய அப்பா!

ஒரே எழுத்து இரண்டு பேரையும் குறிக்கலாம். டி.ஆர். மகாலிங்கம் என்றால் புல்லாங்குழல் மாலியா, நடிகர்-பாடகரா? முன்னவருக்கு ‘டி’ திருவிடைமருதூர், பின்னவருக்குத் தென்கரை. படத்தை மாற்றி அச்சிடும் கூத்து இங்கேதான் நடக்கிறது. ‘புல்லாங்குழல்’ அல்லது ‘நடிகர்’ என்று ஒரு சொல் முன்னால் சேர்த்துவிடுங்கள்.

குடும்பத்தார் சொன்னதோ, கலைஞரே எழுதியதோ கையில் இருந்தால் விரியுங்கள். இல்லாவிட்டால் எழுத்தாகவே விட்டுவிடுங்கள். யாரும் குறை சொல்லப் போவதில்லை.

கே: திருவிதாங்கூர் மன்னர் ஸ்வாதித் திருநாளை ஆங்கிலத்தில் ‘மிஸ்டர் திருநாள்’ என்று குறிக்கலாமா?

ப: கூடவே கூடாது. திருநாள் குடும்பப் பெயர் இல்லை. ஸ்வாதி அவர் பிறந்த நட்சத்திரம், பெயர் ராம வர்மா.

கே: நூலின் பெயரடைவில் ‘ஐயர், ஸ்ரீனிவாச, செம்மங்குடி’ என்று வந்திருக்கிறது. மென்பொருள் போட்டது. இருக்கட்டுமா?

ப: எடுங்கள். ‘ஐயர்’ என்று தேடி வருபவருக்கு நாற்பது ஐயர்கள் கிடைப்பார்கள். ஊர் ஒட்டிய பெயரை ஊரிலேயே வையுங்கள்: ‘செம்மங்குடி ஸ்ரீனிவாச ஐயர்’. ‘ஸ்ரீனிவாச ஐயர்’ என்ற இடத்தில் ‘காண்க: செம்மங்குடி’ போதும். இனிஷியல் உள்ளவர்களுக்குச் சொந்தப் பெயர் முதலில்: ‘பட்டம்மாள், டி.கே.’

கே: ஆலத்தூர் சகோதரர்கள் இருவருக்கும் ஒரே தந்தை பெயரைப் போடலாம்தானே?

ப: அவர்கள் உடன்பிறந்தவர்களே அல்லர். கேட்பதற்கு முன் ஒரு தடவையாவது தேடிப் பார்க்கக் கூடாதா?

கே: கணினியில் ‘சௌந்தரராஜன்’ என்று தேடினால் பாதிக் கட்டுரைகள் அகப்படவில்லை. கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிகிறது.

ப: யாரோ ‘செ’ அடித்து, பக்கத்தில் ‘ள’ அடித்திருக்கிறார்கள். திரையில் ‘சௌ’ போலவே இருக்கும், தேடலுக்கு அது வேறு சொல். சந்தேகம் வந்தால் எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒரு முறை தட்டுங்கள். ‘செ’ மிஞ்சினால் தப்பு, ‘ச’ மிஞ்சினால் சரி. கோப்பு முழுவதிலும் ‘செளந்’ என்பதை ‘சௌந்’ என்று மாற்றுங்கள். ‘செள’ என்று இரண்டெழுத்தை மட்டும் கொடுத்து மாற்றினால் ‘செளகர்யம்’ திருந்தும். ஆனால் ‘செ’யும் ‘ள’வும் உண்மையிலேயே அடுத்தடுத்து வரும் சொற்கள் சிதைந்துபோகும். இது முடிந்ததும் ‘சவுந்தரராஜன்’, ‘சௌந்தர்ராஜன்’ இரண்டையும் தனித்தனியே தேடி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்.

கே: ‘டி.கே.’ ஒரு வரியிலும் ‘பட்டம்மாள்’ அடுத்த வரியிலும் போய் விழுகிறது.

ப: இனிஷியலுக்குப் பின் சாதாரண இடைவெளி விட்டால் அப்படித்தான் ஆகும். வேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ்பார் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்; பெயர் பிரியாது.

கே: இளையராஜாவை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

ப: அவர் வழங்குவதுபோல. ‘ளை’க்கு எல், ஏ, ஐ, பிறகு ஒய்-யும் ஏ-யும், ‘ரா’வுக்கு இரண்டு ஏ, ‘ஜா’வுக்கு ஒன்று. ஐ-யை விழுங்கிவிட்டுத்தான் பாதிப் பேர் அச்சிடுகிறார்கள்.