முஷ்டியும் மணிக்கட்டும்

அன்புள்ள ஐயா,

மசாஜ் தெரபி படிக்கிறேன். மணிக்கட்டு உள்பக்கமாக 80 டிகிரி வரை மடங்கும் என்று பாடத்தில் இருக்கிறது. கூடப் படிக்கும் தோழிக்கு அளந்து பார்த்தால் 60-ஐத் தாண்டவில்லை. அவளுக்கு வலி இல்லை. அழுத்தி மடக்கப் பயமாக இருந்தது, விட்டுவிட்டேன். நான் அளந்தது தப்பா, அவள் மூட்டு இறுக்கமா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

அழுத்தாமல் விட்டது நல்லது. அளக்கும்போது அவள் விரல்கள் மூடியிருந்தனவா?

இப்போதே செய்து பாருங்கள். முஷ்டியை இறுக்கிக்கொண்டு மணிக்கட்டை உள்பக்கம் மடக்குங்கள். புறங்கையில் ஒரு இழுப்பு தெரியும், அங்கேயே நின்றுவிடும். சரி, இப்போது விரல்களை மட்டும் தளர விடுங்கள். கை இன்னும் இறங்குகிறதா? விரல்களை நீட்டும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டித்தான் விரல்களுக்குப் போகின்றன. முஷ்டி மூடியதுமே அவை இழுபட்டுவிடுவதால் மணிக்கட்டுக்குக் கொடுக்க நீளம் மிச்சமில்லை. மூட்டில் ஒரு குறையும் இல்லாமலே அளவு குறைவது இப்படித்தான். பின்பக்கம் வளைக்கும்போது நேர்மாறு: விரல்களை மடங்க விட்டால்தான் 70 வரை போகும்.

பக்கவாட்டில் சுண்டுவிரல் பக்கம் சுமார் 30, கட்டைவிரல் பக்கம் 20தான். ஏன் என்று விரலே சொல்லும். கட்டைவிரல் பக்கம் ரேடியஸ் எலும்பின் நுனியைத் தடவிப் பாருங்கள். சுண்டுவிரல் பக்கம் இருக்கும் முன்கை எலும்பான அல்னாவின் நுனியைவிடக் கீழே இறங்கியிருக்கும். கை அந்தப் பக்கம் சாயும்போது அதில்தான் முட்டுகிறது.

பாடத்தில் இருப்பது பொதுவான அளவு. உங்கள் தோழிக்கு அவளுடைய இன்னொரு கைதான் அளவுகோல். முன்கையை மேசைமேல் வைத்து, கை மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். விரல்கள் தளர்வாக. முதலில் அவளே மடக்கட்டும், அப்புறம் நீங்கள் மெல்ல மடக்குங்கள். முடியும் இடத்தில் தோல் வாரை இழுத்தது போன்ற பிடிப்பு தெரிந்தால் அது இயல்பு. இரண்டு கையும் வலியில்லாமல் 60-இல் நின்றால் அது அவள் உடல்வாகு.

ஒரு கை மட்டும் குறைந்தாலோ வலித்தாலோ மேலே தள்ளாதீர்கள். கையை ஊன்றி விழுந்தவருக்குக் கட்டைவிரல் அடியிலுள்ள குழியில் தொட்டால் வலிக்கிறது என்றால் மசாஜே வேண்டாம், மருத்துவரிடம் அனுப்புங்கள். அங்கே இருக்கும் ஸ்கேஃபாய்டு எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும்.

மறுபடி அளந்துவிட்டு எழுதுங்கள், இரண்டு கைக்கும்.