பாடசாலையும் பக்கத்து வீடும் சேர்ந்து கோழி வளர்க்க முடியுமா?

முடியும், டீச்சர். லீவு நாட்களில் யார் பார்ப்பது, முட்டை யாருக்கு, வெள்ளிக்கிழமை கோழிகளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திங்கட்கிழமை திருப்பிக் கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பாடசாலைக்குக் கீழே இருக்கும் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில்தான் எங்கள் வீடு. பாடசாலைக் கோழிகளைப் பிள்ளைகளும் நாங்களுமாகப் பார்த்துவருகிறோம். அதனால் வீட்டுப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். கொண்டுபோகாதீர்கள். ஆள் மாறலாம், கோழி இடம் மாறக் கூடாது. எது முதலில் தின்பது, எது எந்தக் கட்டையில் உட்காருவது என்பதையெல்லாம் கோழிகள் தங்களுக்குள் கொத்திக்கொண்டுதான் முடிவு செய்கின்றன. வேறு கோழிகளோடு சேர்த்தால் அந்தச் சண்டை மறுபடி தொடங்கும், முட்டையும் குறையும். அதைவிடப் பெரிய பயம் நோய். லயத்துக் கோழிகள் கான் (வடிகால்) ஓரமெல்லாம் மேய்கிறவை. அவற்றில் ஒன்றுக்கு ராணிக்கெட் என்கிற வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் திங்கட்கிழமை அது பாடசாலைக் கூட்டுக்கும் வந்துவிடும்.

எங்கள் ஏற்பாடு ஒரு வழிப்பாதைதான். குஞ்சு வீட்டில் பொரித்து, இரண்டு மாதம் தாண்டிய பிறகு பாடசாலைக்குப் போகும். பாடசாலையிலிருந்து வீட்டுக்கு முட்டை மட்டும்தான் வரும்.

குஞ்சை வீட்டில் வைப்பதற்குக் காரணம் இரவு. முதல் வாரத்துக் குஞ்சுக்கு 32 முதல் 35 பாகை செல்சியஸ் வரை சூடு வேண்டும். நம் மலையில் அந்தச் சூட்டுக்கு இரவெல்லாம் பல்ப் எரிய வேண்டும். ஆளில்லாத கட்டடத்தில் அது ஆபத்து, கரண்ட் போனாலும் குஞ்சு போய்விடும். அடைக்கு உட்கார்ந்த நாட்டுக்கோழி இருந்தால் எந்தக் கவலையும் இல்லை. 21 நாளில் பொரித்துவிடும், அதன்பின் குஞ்சுக்குச் சூடு கொடுப்பதும் அதன் பொறுப்பு. ஏழாம் நாள் இரவு லயத்துப் பிள்ளைகள் எங்கள் வீட்டில் கூடிவிடுவார்கள். விளக்கை அணைத்துவிட்டு போன் டோர்ச்சின் மேல் முட்டையை வைத்தால், உள்ளே ஒரு கரும்புள்ளியும் அதைச் சுற்றி இரத்த நாளங்கள் சிலந்திக் கால்கள்போலப் பரவியிருப்பதும் தெரியும். ஒன்றும் தெரியாத முட்டை கூழ்முட்டை, அதை எடுத்துவிடுவோம். விஞ்ஞானப் பாடத்துக்கு இதைவிட என்ன வேண்டும்!

தடுப்பூசியும் வீட்டில் இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். ராணிக்கெட் மருந்துக் குப்பி ஒன்று நூறு கோழிக்குக் குறையாமல் போதும். ஆனால் கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பத்துக் குஞ்சுக்காக ஒரு குப்பியைத் திறப்பது வீண். ஆகவே அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் நாள் கேட்டு, லயத்துக் கோழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் போட்டுவிடுங்கள். லயத்துக் கோழி நன்றாக இருந்தால்தான் பாடசாலைக் கோழியும் நன்றாக இருக்கும். வீடு வீடாக நாங்கள் சொன்னால் எல்லாரும் கேட்பதில்லை, டீச்சர் சொன்னால் கேட்பார்கள்.

கூட்டைப் பற்றி: குளிருக்குப் பயப்படாதீர்கள். நுவரெலியாவில் ஜனவரியில் புல்லில் உறைபனி பிடிக்கிற இரவைக்கூட, இறகு காய்ந்திருந்தால் பெரிய கோழி தாங்கும். ஈரமும் ஊதற்காற்றும்தான் ஆகாது. நம் மேற்குச் சரிவில் ஜூன், ஜூலை மழையில் எல்லாரும் கூட்டைச் சுற்றிலும் உரச்சாக்கால் அடைத்துவிடுகிறார்கள். காற்றடிக்கும் பக்கத்தை மட்டும் அடையுங்கள், கூரைக்குக் கீழே கையகலம் திறந்திருக்கட்டும். காலையில் கூட்டைத் திறந்ததும் குனிந்து, கோழியின் உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் தரையில் போட்ட மரத்தூள் நனைந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே அள்ளி மாற்றுங்கள். அள்ளியது கோவா (முட்டைக்கோஸ்), லீக்ஸ் பாத்திக்கு நல்ல பசளை, மக்கவைத்துப் போடுங்கள்.

பாடசாலை ஒன்றரைக்கு விட்டுவிடும். மரநாய் வருவது இரவில். சாயங்காலம் எண்ணிப் பார்த்துக் கதவைப் பூட்டுவதுதான் வீட்டுக்காரரின் முதல் வேலை. ஒரு நாளும் தவறக் கூடாத வேலையும் அதுதான். தீனி, தண்ணீர், முட்டை எடுப்பது எல்லாம் பகலில் பிள்ளைகளே செய்துவிடுவார்கள். முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வைக்க வேண்டும், அது கட்டாயம்.

தீனிக் கணக்கு பிள்ளைகளின் கொப்பியில் இருக்கட்டும். முட்டையிடும் கோழிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம். பத்துக் கோழிக்கு 1.2 கிலோ, 50 கிலோ மூட்டை ஒன்று 40 நாளைக்குக் கொஞ்சம் அதிகமாக வரும். மதிய உணவில் மிஞ்சும் சோறு, கீரை கொடுக்கலாம். பச்சை பிடித்த உருளைக்கிழங்குத் தோல், அவகாடோவின் தோல், கொட்டை இவை கோழிக்கு விஷம். மலையில் இரண்டும் நிறையக் கிடைப்பதால் சொல்கிறேன். அப்புறம், தேயிலை மலைக்குக் களைநாசினி அடிக்கும் நாளைத் தோட்டத்தில் கேட்டு வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் மேய விடாதீர்கள்.

முட்டைப் பங்கை எழுதி வைக்க வேண்டும். எங்களுக்குள் பேசிக்கொண்டது இதுதான். பாடசாலை நாள் முட்டை பாடசாலைக்கு, சனி ஞாயிறும் ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் லீவும் பார்க்கிற வீட்டுக்கு. தீனிச் செலவு எப்போதும் பாடசாலையுடையது. இதைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்ட அறிக்கையில் சேர்த்துவிடுங்கள், அதிபர் மாற்றலாகிப் போனாலும் நிற்கும். பாடசாலைப் பங்கை விற்றுப் பணமாக்க வேண்டாம் என்பது என் மன்றாட்டம். 2016ஆம் ஆண்டுச் சுகாதார ஆய்வின்படி தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. அதற்குப் பிறகு விலை ஏறி, 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்கிற நிலையும் வந்தது. அதனால் பாடசாலைப் பங்கு முட்டை முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் தட்டுக்குத்தான் போக வேண்டும்.

கடைசியாகச் சேவல். பொரிப்பதில் பாதி சேவலாகத்தான் வரும். இரண்டு மாதத்தில் கொண்டை சிவந்து அடையாளம் தெரிந்துவிடும், அவற்றைப் பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே நிறுத்திவிடுவோம். தீபாவளிக்கும் முனியாண்டி சாமி படையலுக்கும் லயத்திலேயே கேட்டு வாங்குவார்கள், அந்தக் காசு அடுத்த மூட்டைத் தீனிக்கு. எந்தக் குஞ்சு பாடசாலைக்கு வராது, ஏன் வராது என்பதை ஏழாம் நாள் முட்டை பார்க்க வரும்போதே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.