மீன்தொட்டியில் பாசி: மருந்து வேண்டாம், செடியைத் தேற்றுங்கள்

கேள்வி: நான் வாழை விவசாயி. வீட்டில் 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து, கப்பி மீனும் வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா செடிகளும் வளர்க்கிறேன். தொட்டி ஜன்னல் ஓரம் இருக்கிறது. விளக்கு காலையிலிருந்து இரவு 10 மணி வரை எரியும். கண்ணாடியில் பச்சைப் பாசி அப்பிவிட்டது, இலைகளில் நூல் நூலாகத் தொங்குகிறது. பழைய இலைகள் மஞ்சளாகி ஓட்டை விழுகின்றன. பாசிக்கொல்லி ஊற்றலாமா? கொஞ்சம் யூரியா போட்டால் செடி தேறுமா?
– வாசகர், சேரன்மகாதேவி

பதில்: அண்ணாச்சி, யூரியாவைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அது தண்ணீரில் அமோனியாவாக மாறி மீனைக் கொன்றுவிடும். பாசிக்கொல்லியும் வேண்டாம். அவற்றில் பலவற்றில் செம்பு இருக்கும். நத்தை, இறால் செத்துப்போகும், செடியும் கருகும். செத்த பாசி அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். நம்ம ஊர் கோடையில் சூடான தண்ணீரில் ஏற்கெனவே ஆக்சிஜன் குறைவு. விடியும்போது மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

உங்கள் தொட்டியில் வெளிச்சம் அதிகம், அதைப் பயன்படுத்தும் தெம்பு செடிக்கு இல்லை. மிஞ்சுகிற வெளிச்சத்தையும் சத்தையும் பாசி எடுத்துக்கொள்கிறது. எனவே விளக்கை ஒரு நாளைக்கு 6 அல்லது 7 மணி நேரத்தோடு நிறுத்துங்கள். டைமர் சுவிட்ச் மாட்டினால் மறதிக்கு இடமில்லை. ஜன்னல் பக்கக் கண்ணாடியில் தடித்த தாள் ஒட்டிவிடுங்கள்.

இனி செடி. வாழையில் பொட்டாஷ், அதாவது சாம்பல் சத்து குறைந்தால் அடி இலைதானே முதலில் மஞ்சளாகும்? தண்ணீர்ச் செடியிலும் அப்படித்தான், ஓட்டையும் விழும். மீன் தீவனத்திலும் கழிவிலும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) வேண்டிய மட்டும் வந்துவிடும், சாம்பல் சத்துதான் போதாது. உரக்கடையில் தண்ணீரில் முழுதாகக் கரையும் 0-0-50 (தழை, மணிச்சத்து இல்லாமல் சாம்பல் சத்து 50 சதவீதம்) பொட்டாசியம் சல்பேட் கிடைக்கும். மணல் போக உங்கள் தொட்டியில் சுமார் 100 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதற்கு வாரம் 1 கிராம், ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் போதும். கூடுதலாகப் போடாதீர்கள்.

ஹைட்ரில்லாவை இன்னும் நெருக்கமாக நடுங்கள், வேகமாக வளர்ந்து சத்தை உறிஞ்சும். குளத்திலிருந்து எடுத்தால் நன்றாக அலசி, ஒரு வாரம் தனி வாளியில் வைத்துப் பாருங்கள். தட்டான் பூச்சியின் இளம்புழு ஒட்டிக்கொண்டு வந்தால் கப்பிக் குஞ்சுகளைத் தின்றுவிடும்.

இருக்கிற பாசியைக் கையால்தான் எடுக்க வேண்டும். நூல் பாசியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் சுற்றி இழுங்கள். பாசி மூடிய இலையை அடியோடு வெட்டுங்கள். அன்றைக்கே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றிவிட்டு, அப்புறம் வாரம் கால் பங்கு மாற்றினால் போதும். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரை வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுங்கள். உப்பான போர்த் தண்ணீர் வேண்டாம். பில்டர் பஞ்சை, எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள். குழாயடியில் கழுவினால் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா போய்விடும். தீவனம் ஒரு நாளைக்கு ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு மட்டும்.

பாசி தின்ன சக்கர் மீன் விடுங்கள் என்று கடைக்காரர் சொல்வார். கேட்காதீர்கள். அது ஓரடிக்கு மேல் வளரும். தொட்டி தாங்காமல் போனதும் எடுத்துக் குளத்தில் விடுகிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் அப்படித்தான் பெருகிக் கிடக்கிறது. தாமிரபரணிக்கு அந்தக் கதி வரக் கூடாது.

ஓட்டை விழுந்த இலை ஆறாது, அதைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். மூன்று நான்கு வாரத்தில் வரும் புது இலை சுத்தமாக இருந்தால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். புதுக் கொழுந்தே வெளிறி வந்தால் இரும்புச் சத்துக் குறைவு; மீன்கடையில் கிடைக்கும் இரும்புத் திரவ உரத்தைப் புட்டியில் போட்டிருக்கும் அளவில் பாதி ஊற்றிப் பாருங்கள்.