மீன் தொட்டியும் ஆறாத புண்ணும்

கேள்வி: மீன் தொட்டி கழுவும்போது விரலில் கல் கீறியது. மூன்று வாரம் கழித்துக் கட்டி வந்தது. இப்போது முழங்கை வரை வரிசையாக ஏறுகிறது. காசநோயா டாக்டர்? பேரனைத் தூக்கவே பயமாக இருக்கிறது.
– ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி, சுங்கை சிப்புட்

பதில்: நீங்கள் சொல்வது மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற, மீன் தொட்டித் தண்ணீரில் இருக்கும் கிருமியின் தொற்று போல இருக்கிறது, ஐயா. காசநோய்க் கிருமிக்கு உறவுதான், ஆனால் ஆளுக்கு ஆள் தொற்றாது. புண்ணை மூடிக்கட்டிப் பேரனைத் தூக்குங்கள். முள் குத்திப் பூஞ்சை நுழைந்தாலும் இப்படி ஏறும் என்பதால், சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும். டாக்டரிடம் மீன் தொட்டியைச் சொன்னீர்களா? அவசியம் சொல்லுங்கள். இந்தக் கிருமி 30 டிகிரியில்தான் நன்றாக வளரும். ஆய்வகத்தில் வழக்கம்போல 37 டிகிரியில் வைத்தால் தெரியாமலே போகலாம். மருந்து மாதக்கணக்கில் ஓடும், புண் ஆறிய பிறகும் 1, 2 மாதம். என் அப்பாவும் பால்மரம் வெட்டியவர். வலி போனதும் மாத்திரையை நிறுத்திவிடுவார். நீங்கள் நிறுத்தாதீர்கள். அப்புறம், தொட்டி கழுவ ரப்பர் கையுறை வாங்கிக்கொள்ளுங்கள்.