விஷுவல் லேர்னர் பையனும் எனக்க தம்பிக்க கழித்தல் கணக்கும்

அண்ணா, என் பையன் ஏழாம் கிளாஸ், கணக்குல ரொம்ப பின்தங்கி இருக்கான். மார்த்தாண்டத்துல ஒரு டியூஷன் சென்டர்ல கம்ப்யூட்டர்ல டெஸ்ட் வெச்சு "இவன் விஷுவல் லேர்னர், படம், வீடியோ காட்டி தனியா ஒன் டு ஒன் எடுக்கணும்"னு சொன்னாங்க. ஃபீஸ் கூடுதல். சேர்க்கலாமா? இங்கிலீஷ் மீடியத்துக்கு மாத்தணுமான்னும் ஒரு குழப்பம். இப்ப பாடம் வாசிக்கச் சொன்னா "நான் விஷுவல்ம்மா, வாசிச்சா எனக்கு ஏறாது"ங்கான்.
– ஒரு அம்மா, தக்கலை

தங்கச்சி, ஃபீஸ், மீடியம் எல்லாம் உங்க வீட்டு வசதி, அதுல நான் சொல்ல ஒண்ணும் இல்ல. என்னைப் போட்டு உறுத்துறது அந்தக் கடைசி வரிதான். பன்னிரண்டு வயசுப் பிள்ளை வாயில "வாசிச்சா ஏறாது"ன்னு ஒரு பேச்சு வந்திருக்கு, நீங்களும் கேட்டுட்டு சும்மா இருந்திருக்கீங்க. கோவம்தான் வருது. 2011 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுலயே எழுத்தறிவு கூடின மாவட்டம் நம்ம கன்னியாகுமரி, இங்க இருந்துட்டு ஒரு பிள்ளை புத்தகத்த மூடி வைக்க ஒரு டெஸ்ட் காரணம் சொல்லிக் குடுக்குது.

விஷுவல், ஆடிட்டரின்னு பிள்ளைகளப் பிரிக்கிறதுக்கு ஆதாரம் இருக்கான்னு 2008-ல ஹெரால்ட் பாஷ்லரும் இன்னும் மூணு உளவியல்காரங்களும் தேடிப் பாத்தாங்க. படம் பிடிக்கிற பிள்ளை படத்துலயும், கேட்டுப் படிக்கிற பிள்ளை கேட்டும் நல்லா படிக்கணும், மாத்திக் குடுத்தா குறையணும், அப்பதான் அந்தப் பேச்சு உண்மைன்னு ஆகும். அப்பிடி முறையா சோதிச்ச ஆய்வே கொஞ்சம்தான், அதுலயும் சிலது நேர் எதிரா வந்துச்சு. பிள்ளைக்குப் பிடிச்ச வழின்னு ஒண்ணு இருக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா மேப் எல்லாருக்கும் கண்ணால பாத்தாதான் விளங்கும், ழகரம் எல்லாருக்கும் காதால கேட்டாதான் வரும். எப்பிடி சொல்லிக் குடுக்கணும்ங்கிறத முடிவு பண்றது பாடம்.

எங்க பக்கத்து வீட்டுல ஒரு அக்கா இருந்தா. பத்தாவதோட படிப்ப நிறுத்திட்டு அண்டியாபீசுக்கு, அதான் முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலைக்குப் போவா, விரல் எல்லாம் அண்டித் தோடு எண்ணெய் பட்டு கறுத்துக் கிடக்கும். அந்திக்கு எனக்க தம்பிக்கு கணக்கு சொல்லிக் குடுப்பா. ஒரு நாள் 403-ல 178 போனா 375-ன்னு போட்டு வெச்சிருந்தான். பள்ளிக்கூடத்துல இதுக்கு அடிதான் கிடைச்சுது. அவ தப்புன்னே சொல்லல, "எப்பிடி மக்கா போட்ட, சொல்லு"ன்னா. இவன் எட்டுல மூணு போனா அஞ்சு, ஏழுல சைபர் போனா ஏழு, நாலுல ஒண்ணு போனா மூணுன்னு ஒப்பிச்சான். எங்கயும் கடன் வாங்கல, ஒவ்வொரு எடத்துலயும் பெரிசுல இருந்து சின்னதக் கழிச்சிருக்கான். அவ காகிதத்தக் கிழிச்சு நாலு நூறு, மூணு ஒண்ணுன்னு வெச்சு, "இதுல எனக்கு எட்டு ரூவா தா"ன்னா. அவன் கொஞ்ச நேரம் முழிச்சிட்டு இருந்துட்டு ஒரு நூற அவனே பத்து பத்தா மாத்தினான், அதுல ஒரு பத்த ஒண்ணு ஒண்ணா. பின்ன 225 தானா வந்துச்சு.

பிள்ளைகளோட கழித்தல் தப்பு பலதும் கவனக்குறைவு இல்ல, ஒரே தப்பு விதிய ஒழுங்கா செய்யுறதுன்னு 1978-ல பிரவுன், பர்ட்டன்னு ரெண்டு பேர் எழுதினாங்க. எனக்கு அதப் படிக்கும்போது அந்த அக்காதான் மனசுல வந்தா. ஒன் டு ஒன்னுக்கு பலம் இதுலதான், பிள்ளைக்கு எங்க எடறுதுன்னு ஒருத்தர் கூட உக்காந்து பாக்குறது. 1984-ல பெஞ்சமின் புளூம்ங்கிற கல்வி ஆய்வாளர், தனியா சொல்லிக்குடுத்த சராசரிப் பிள்ளை சாதாரண வகுப்புல படிச்ச பிள்ளைகள்ல 98 சதவீதம் பேர தாண்டிப் போச்சுன்னு எழுதினாரு. பின்னால வந்தவங்க அவ்வளவு பெரிய வித்தியாசத்தப் பாக்கல, ஆனா பலன் நிச்சயம் உண்டு. புளூம் சொன்ன ஆய்வுலயும் டெஸ்ட் வெச்சு, தப்பு எங்கன்னு பாத்து, திருத்திட்டுதான் அடுத்த பாடத்துக்குப் போனாங்க.

சேர்க்குறதுக்கு முன்னால ஒரு கிளாஸ் கூட உக்காந்து பாருங்க. டீச்சர் அவனுக்க நோட்ட விரிச்சு "எப்பிடி போட்ட"ன்னு கேட்டா சேருங்க, வீடியோவ ஓட விட்டுட்டு ஃபோனப் பாத்துட்டு இருந்தா எழும்பி வந்துடுங்க. அது எப்பவாவது நடக்கட்டும். இன்னைக்கு ராத்திரி பாடப்புத்தகத்துல ஒரு பக்கம் அவன உங்க பக்கத்துல உக்கார வெச்சு வாசிக்கச் சொல்லுங்க, தடுக்குற எடத்துல திட்டாம இருங்க.